முடிவு தெரிந்த சண்டை

தொண்ணூறுகளில் கேபிள் டிவி நுழைந்த தமிழ் வீடுகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி கேட்டிருக்கும். பிள்ளைகள் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்தத்தைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடிபட்டுக் கிடந்த அண்டர்டேக்கர் விழியை மேலே செருகிக்கொண்டு விறைப்பாக எழுந்து உட்காருவார். அந்த நேரம் பார்த்து வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போவார்: "எல்லாம் செட்டப்புடா. முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு அடிச்சுக்கிறானுங்க." அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று வகுப்பில் சத்தியம் செய்தவர்களுக்கு, டிரம்ப் கார்டில் அவருடைய உயரமும் எடையும் மனப்பாடமாகத் தெரிந்தவர்களுக்கு, அது பெரிய இடி. இத்தனைக்கும் அதே பெரியவர், தாராசிங்கும் கிங்காங்கும் மோதிய கதையைத் திண்ணையில் உட்கார்ந்து நிஜச் சண்டையாகவே சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

பெரியவர் சொன்ன தகவல் சரி. யார் ஜெயிப்பது, எந்த அடியோடு ஆட்டம் முடிவது, பட்டம் யார் இடுப்புக்குப் போவது எல்லாம் திரைக்குப் பின்னால் முடிவாகிவிடுகிறது. நடுவரும் நாடகத்தில் ஒரு பாத்திரம்தான். இன்று அந்த நிறுவனமே இதை மறைப்பதில்லை. ஆனால் இந்தத் தகவலிலிருந்து அவர் தாவிய முடிவு சரிதானா? யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், அங்கே நடப்பதும் பொய்யாகிவிடுமா?

இந்தத் தொழில் ஒரு காலத்தில் பொய் சொன்னது உண்மை. கூச்சமில்லாமல், கட்டுப்பாட்டோடு, தலைமுறை தலைமுறையாகச் சொன்னது. அமெரிக்காவில் ஊர் ஊராகப் போன கார்னிவல் கூடாரங்களில் வளர்ந்த தொழில் அது. உள்ளுக்குள் என்ன நடந்தாலும் வெளியாளிடம் மூச்சு விடக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்குக் 'கேஃபேப்' என்று அவர்களிடையே ஒரு பெயரும் இருந்தது. மேடையில் எதிரிகளாக ஆடுகிறவர்கள் வெளியில் ஒரே ஓட்டலில் சாப்பிடக்கூடாது, ஒரே வண்டியில் போகக்கூடாது. 1984 டிசம்பர் 28 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜான் ஸ்டாசெல் என்ற தொலைக்காட்சிச் செய்தியாளர், டேவிட் ஷுல்ட்ஸ் என்ற மல்யுத்த வீரரின் முகத்துக்கு நேரே, இது பொய் என்றே நினைக்கிறேன் என்றார். ஷுல்ட்ஸ் ஒரு காதில் விட்ட அறையில் ஸ்டாசெல் தரையில் விழுந்தார். எழுந்தவருக்கு மறு காதிலும் ஒன்று விழுந்தது. பிறகு வழக்கு, நஷ்டஈடு என்று அது போனது. பொய்யைக் காப்பாற்ற நிஜமாகவே அடிக்கும் அளவுக்கு அந்த விசுவாசம் இருந்தது.

1987-இல் நியூஜெர்சி நெடுஞ்சாலை ஒன்றில் போலீஸ் ஒரு காரை நிறுத்தியது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் ஜிம் டகன், அமெரிக்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறுகிறவர். இன்னொருவர் ஈரானிலிருந்து வந்த அயர்ன் ஷேக், அதே கொடியை இழிவுபடுத்தி அரங்கம் முழுவதையும் கொதிக்க வைக்கிறவர். மேடையில் ஜென்மப் பகை, காரில் கூட்டாளிகள். போதைப்பொருளும் பிடிபட்டது. இரண்டு பேர் வேலையும் போனது. ஆனால் ரசிகர்கள் வாய்க்கு வாய் பேசியது போதைப்பொருளைப் பற்றி அல்ல. இவர்கள் இருவரும் எப்படி ஒரே காரில் போனார்கள் என்பதைப் பற்றித்தான்.

இரண்டு ஆண்டில் அந்த ரகசியத்தை நிறுவனமே போட்டு உடைத்தது. 1989-இல் அதே நியூஜெர்சி மாநிலத்தின் செனட் சபையிடம், இது போட்டி விளையாட்டு அல்ல, பார்வையாளர்களை மகிழ்விப்பதற்கான நிகழ்ச்சி என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பு ஒப்புக்கொண்டது. மனசாட்சி உறுத்தியதால் வந்த வாக்குமூலம் அல்ல அது. விளையாட்டு என்றால் மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் தலையிடும், உரிமம் கேட்கும், ஆட்டத்துக்கு முன் வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று சொல்லும், ஒளிபரப்பு வருமானத்துக்கு வரி போடும். வெறும் கேளிக்கை என்றால் இவற்றில் எதுவும் இல்லை. கணக்குப் பார்த்தே உண்மை பேசினார்கள்.

இதில் ஒரு வினோதம் இருக்கிறது. பொய் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் நியூஜெர்சி அரசாங்கம் அதை விளையாட்டு ஆணையத்தின் கீழ் வைத்திருந்தது. உண்மையைச் சொன்ன பிறகும் உலகம் அதைப் பொய் என்று ஏசுகிறது.

எதைப் பொய் என்பது? கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 2000-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க அணித் தலைவர் ஹான்ஸி குரோனியே சூதாட்டத் தரகர்களிடம் பணம் வாங்கிய விவகாரம் வெடித்தபோது, நம் ஊர் ரசிகர்களுக்கும் வயிறு எரிந்தது. அந்த ஆட்டங்களில் பந்து நிஜம், மட்டை நிஜம், ஓட்டங்கள் நிஜம். ஆனாலும் ஏமாந்தோம் என்று தோன்றியது. காரணம், நேர்மையாக மோதிப் பார்ப்போம் என்று வாக்குக் கொடுத்துத்தான் டிக்கெட் விற்றார்கள். அந்த வாக்கு மீறப்பட்டது. பொய் என்பது அங்கேதான் இருக்கிறது: கொடுத்த வாக்குக்கும் நடந்த காரியத்துக்கும் நடுவில். மல்யுத்த மேடையோ இப்போது அப்படி ஒரு வாக்கே கொடுப்பதில்லை. ஒரு கதை சொல்கிறேன், உடம்பால் சொல்கிறேன் என்கிறது, சொல்கிறது. ஏமாந்தவர் ஒருவர்கூட இல்லாத இடத்தில் பொய் எப்படி இருக்க முடியும்?

உடம்பால் சொல்வது என்றால் என்ன என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். அந்த மேடையின் மேல்விரிப்பை உரித்தால் உள்ளே மெத்தை கிடையாது. இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகைகள், அதன்மேல் மெல்லிய நுரைப் பட்டை, அதை இழுத்துக் கட்டிய கேன்வாஸ் துணி, அவ்வளவுதான். தொழிலுக்கு வருகிறவருக்கு முதலில் சொல்லித்தருவது அடிக்க அல்ல, விழ. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்மண்டை பலகையில் மோதும். மூச்சை வெளியே விட்டபடி, மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழ வேண்டும். இரண்டு கைகளையும் விரித்துப் பலகையில் ஓங்கி அறைய வேண்டும். நம் காதில் விழும் 'தடார்' சத்தத்தில் பாதி அந்த அறைதான். விசை ஓரிடத்தில் குவியாமல் உடம்பு முழுக்கப் பரவ வேறு வழி இல்லை. இதற்குப் 'பம்ப்' என்று பெயர். நல்ல பம்ப் என்றால் அடி குறையும். அடியே இல்லாத பம்ப் கிடையாது. இதை ஒரே ஆட்டத்தில் பலமுறை, வருடத்தில் இருநூறு இரவுக்கு மேல், இருபது வருடம் செய்தவர்கள் இருக்கிறார்கள். முதுகெலும்புக்குக் கதை வசனம் தெரியாது. நெற்றியில் வழியும் ரத்தமும் பெரும்பாலும் சாயம் அல்ல. மணிக்கட்டுப் பட்டைக்குள் ஒளித்து வைத்த பிளேடுத் துண்டால் தன் நெற்றியைத் தானே கீறிக்கொள்வது அந்தத் தொழிலின் பழைய வழக்கம். காட்சி முன்பே திட்டமிட்டது; ரத்தம் சொந்த ரத்தம்.

இதைவிட ஆழமான ஒன்று உண்டு. குத்துச்சண்டையில் எதிராளியைக் காயப்படுத்துவது திறமை. இங்கே காயப்படுத்தாமல் இருப்பது திறமை. ஒருவரைத் தலைகீழாகத் தூக்கும்போது அவர் கழுத்து தூக்கியவர் கையில் இருக்கிறது. தூக்கப்படுகிறவர் தன் முழு உடம்பையும் நம்பிக் கொடுக்கிறார். கொடுக்கவில்லையென்றால் நூறு கிலோ ஆளை யாராலும் அவ்வளவு அழகாகத் தூக்கி வீச முடியாது. பல்லைக் கடித்து, காறித் துப்பி, கொன்றுவிடுவேன் என்று ஒலிவாங்கியில் கத்துகிற மனிதர்தான் அந்த இரவில் இவருடைய முதல் காவல்காரர். பகையை நடித்துக்கொண்டே நம்பிக்கையை நிஜமாகக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை.

அந்த நம்பிக்கை சில அங்குலம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1997 ஆகஸ்ட் 3 சாட்சி. இடம் மறுபடியும் நியூஜெர்சி. ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்திருந்த ஓவன் ஹார்ட், முழங்காலில் இறங்காமல் உட்கார்ந்தபடி கீழே வந்தார். ஆஸ்டினின் தலை ஓவனின் தொடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. உச்சந்தலை பலகையில் இடித்தது. ஆஸ்டினால் கை கால் அசைக்க முடியவில்லை. என்ன நடந்துவிட்டது என்று ஓவனுக்கு உடனே புரிந்தது. ஆஸ்டினுக்கு நேரம் கிடைப்பதற்காக அவர் கூட்டத்தைப் பார்த்துக் கேலி பேசினார், அங்கும் இங்கும் நடந்தார், வில்லனாகவே நடித்து நிமிடங்களைக் கடத்தினார். எழுதிவைத்தபடி ஜெயிக்க வேண்டியவர் ஆஸ்டின். அவர் தவழ்ந்து வந்து, பின்னாலிருந்து ஓவனின் காலைப் பலவீனமாகப் பிடித்து இழுத்தார். ஓவன் தானாகவே உருண்டு தோற்றுக் கொடுத்தார். பார்த்தவர்களுக்கு அது அசட்டுத்தனமான முடிவு. உண்மையில், உடைந்துபோன ஒரு கணத்தை இரண்டு மனிதர்கள் சேர்ந்து சுமந்து கரைசேர்த்தது அது. ஆஸ்டின் மறுபடியும் ஆடி, உலகமே அறிந்த நட்சத்திரமானார். அந்தக் கழுத்துதான் அவரைச் சீக்கிரமே ஓய்வுக்கு அனுப்பியதில் பெரும்பங்கு வகித்தது.

1999 ஜனவரி, கலிஃபோர்னியாவின் அனஹைம். மிக் ஃபோலி, 'த ராக்' என்ற இரு வீரர்களுக்கும் ஆட்டம். நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒருவர் வாயால் சொல்லும்வரை ஓயாது என்பது அந்த ஆட்டத்தின் விதி. ஃபோலியின் மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் மேடையோரம் உட்கார்ந்திருந்தார்கள். அன்று ராக்கைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தி, அப்பாவும் இந்த மாமாவும் நண்பர்கள், பயப்படாதீர்கள் என்று சொல்லித்தான் உட்கார வைத்தார் ஃபோலி. பாரி பிளாஸ்டீனின் 'பியாண்ட் த மேட்' ஆவணப்படம் இதையெல்லாம் படம் பிடித்திருக்கிறது. ஆட்டத்தின் உச்சத்தில் ஃபோலியின் கைகள் பின்னால் விலங்கிடப்பட்டிருந்தன. தலையை மறைக்கக் கை இல்லை. பேசி வைத்ததைவிட அதிகமாக, இரும்பு நாற்காலியால் மண்டையில் அடி மேல் அடி விழுந்தது. பிள்ளைகள் அலறுகிறார்கள். முகத்தை அம்மா மேல் புதைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் அவர்களை வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அந்தப் பிள்ளைகளைவிட நன்றாக அந்த ரகசியம் தெரிந்த பார்வையாளர் யார்? சண்டைக்காரர்கள் நண்பர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பயப்பட வேண்டாம் என்று அப்பாவே சொல்லியிருந்தார். தெரிந்தும் அழுதார்கள். கண் முன்னால் இருந்தது அப்பாவின் தலை. ஆட்டம் முடிந்த விதத்தையும் சொல்ல வேண்டும். மயங்கிக் கிடந்த ஃபோலி விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லவே இல்லை. முன்பு எப்போதோ பேசிய பேட்டியிலிருந்து வெட்டியெடுத்த அவர் குரலை ஒலிபெருக்கியில் ஓட்டி ஆட்டத்தை முடித்தார்கள். அது கதையில் ஒரு திருப்பம். அன்றைய மேடையில் பொய் என்று சொல்லக்கூடிய ஒரே பொருள் அந்த ஒலிநாடாதான். தலையில் பட்ட எந்த அடியும் பொய் இல்லை.

பொய் என்ற பெயர் நிஜத்தைப் பார்க்கவிடாமல் எப்படிக் கண்ணைக் கட்டும் என்பது நான்கு மாதம் கழித்துத் தெரிந்தது. 1999 மே 23, கான்சாஸ் சிட்டியின் கெம்பர் அரங்கம். அதே ஓவன் ஹார்ட், சூப்பர் ஹீரோவைக் கிண்டல் செய்யும் வேடத்தில், அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வர வேண்டும். சட்டென்று விடுபடும்படி அமைத்த கொக்கி, இறங்குவதற்கு முன்பே விடுபட்டது. சுமார் 78 அடி உயரத்திலிருந்து மேடையில் விழுந்தார். அரங்கில் இருந்தவர்களில் பலருக்கு அது நிகழ்ச்சியின் பகுதியா, விபத்தா என்று தெரியவில்லை. இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல என்று வர்ணனையாளர் ஜிம் ராஸ் தொலைக்காட்சிப் பார்வையாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஓவன் இறந்துவிட்டார். வயது 34. அரங்கில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி அறிவிக்கப்படவில்லை. மேடையைச் சரிசெய்துவிட்டு மீதி ஆட்டங்களை நடத்தினார்கள். அதே மேடையில், அதே இரவில். பிறகு அவர் மனைவி தொடுத்த வழக்கு 1.8 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

இன்னும் பத்தாண்டு கழித்து, 2009 ஜூன் 13 அன்று ஜப்பானின் ஹிரோஷிமாவில், மிட்சுஹாரு மிசாவா என்ற மகத்தான வீரர் மேடையிலேயே சரிந்தார். பின்னாலிருந்து பிடித்துத் தூக்கித் தலைக்குப் பின்னே வீசும் பழக்கமான வீச்சு அது. வாழ்நாளில் எத்தனையோ முறை வாங்கியதுதான். அன்று அவர் எழவில்லை. வயது 46. அவர் தாங்கிய பம்புகள் எல்லாம் அந்தக் கழுத்தில் கணக்கு வைத்திருந்தன.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. பொய் என்ற இந்தப் பெயரால் யாருக்கு லாபம்? பார்க்கிறவருக்கு ஒரு சின்னக் கர்வம் கிடைக்கிறது: நான் ஏமாறவில்லை. உண்மையான லாபம் முதலாளிக்கு. 1989-இல் நியூஜெர்சியில் அந்தப் பெயரைத் தாங்களே முன்வந்து வாங்கிக்கொண்டது அதற்காகத்தான். விளையாட்டு வீரன் அல்ல என்பதால் பல மாநிலங்களில் ஆணையத்தின் தலையீடு இல்லை. ஊழியரும் அல்ல, தனி ஒப்பந்தக்காரர் என்பதால் மற்ற ஊழியருக்கு உள்ள சலுகைகள் இல்லை. மேடையில் பட்ட காயத்துக்கு நிறுவனம் செலவு செய்யலாம். அதற்கு அப்பால் மருத்துவக் காப்பீடும் ஓய்வுக்காலமும் அவரவர் பாடு. எப்போது, எங்கே, என்ன உடுப்பில், யாரிடம் தோற்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நீ சுதந்திரமான ஒப்பந்தக்காரன் என்கிறார்கள். இந்தத் தொழிலில் பொய்யைத் தேடுகிறவர்கள் மேடையைப் பார்க்க வேண்டாம். ஒப்பந்தக் காகிதத்தைப் பார்க்கலாம்.

1986-இல் ஜெஸி வென்ச்சுரா சக வீரர்களைத் திரட்டிச் சங்கம் அமைக்கப் பார்த்தார். உள்ளேயிருந்தே விஷயம் முதலாளியின் காதுக்குப் போனது. சங்கம் கருவிலேயே கலைந்தது. வென்ச்சுரா சினிமாவில் நடிக்கப் போனார். நடிகர் சங்கத்தில் உறுப்பினரானார். பின்னாளில் மின்னசோட்டா மாநில ஆளுநராகவும் ஆனார். யோசித்துப் பாருங்கள். கேமரா முன்னால் பொய்யாக அடித்துக்கொண்டால் சங்கம் உண்டு. ஒத்திகை உண்டு, மறு டேக் உண்டு, டூப் போடுகிற ஸ்டன்ட் கலைஞர் கீழே விழுந்தால் யூனிட்டே ஓடிவந்து அடி பட்டதா என்று கேட்கும். இருபதாயிரம் பேர் முன்னால், ஒரே டேக்கில், தன் உடம்பையே டூப்பாகப் போடுகிறவரைப் பார்த்து மட்டும் நாம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பொய்யாமே என்று சிரிக்கிறோம். அடி பொய் என்று நம்புகிறவர் அடிபட்டவருக்காக எதையும் கேட்க மாட்டார். அந்தச் சிரிப்பு யாருக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை.

மாற்றம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. முன்னாள் வீரரான கிறிஸ் நொவின்ஸ்கி தன் தலைக்காயங்களுக்குப் பிறகு மூளை அதிர்ச்சி பற்றிய ஆய்வுக்காக ஓர் அமைப்பையே தொடங்கினார். 2007-இல் இறந்த கிறிஸ் பென்வாவின் மூளையைப் பரிசோதித்தவர்கள், தொடர் அடிகளால் வரும் சிதைவை அதில் கண்டார்கள். 2010-இல், டபிள்யூ.டபிள்யூ.இ. என்று பெயர் மாறியிருந்த அதே நிறுவனம் தலையில் நாற்காலியால் அடிப்பதைத் தடை செய்தது. பொய்யான அடியை எவரும் தடை செய்வதில்லை. அந்தத் தடையே ஓர் ஒப்புதல். அதே நிறுவனத்தின் வாராந்திர நிகழ்ச்சியை 2025-லிருந்து பத்தாண்டுக்கு ஒளிபரப்ப நெட்ஃப்ளிக்ஸ் 500 கோடி டாலருக்கு மேல் தர ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அந்தப் பணம் நிஜம். அதைச் சம்பாதித்துக் கொடுக்கும் கழுத்துகளும் முழங்கால்களும் நிஜம்.

நம் வாழ்க்கையிலும் முடிவு தெரிந்தவை நிறைய உண்டு. தெரிந்துவிட்டது என்பதற்காக நடுவில் பட்ட பாடு இல்லையென்று ஆகிவிடுவதில்லை. முடிவு என்பது ஒருவர் எழுதி வைப்பது. உழைப்பு என்பது ஒருவர் தன் உடம்பிலிருந்து கொடுப்பது. முன்னதைப் பார்த்துப் பின்னதற்குப் பெயர் வைக்கக்கூடாது.

ஆகவே தொழில்முறை மல்யுத்தத்தைப் பொய் என்று சொல்லாதீர்கள். முடிவு எழுதப்பட்டது என்று சொல்லுங்கள். அது உண்மை, அதில் யாருக்கும் அவமானம் இல்லை. பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்; அதுவும் நியாயம். ஆனால் ஒருவர் பலகையில் விழுவதைப் பார்த்தால், விழுந்தது நிஜமா என்று கேட்காதீர்கள். விழுந்தவருக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள்.